காரின் காற்றுக் குழாய்க்குப் பெயிண்ட் அடித்த கதை

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஞாயிறு கூட்டத்தில் பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையை அதிகம் மாற்றவில்லை. - ஆசிரியர் குழு)



போன மாதம் என் கார் பானெட்டைத் திறந்து வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் வந்த நம் செக்ரட்டரி சார் எட்டிப் பார்த்துவிட்டு, "பன்னிரண்டு வருஷ வண்டி, உள்ளே புதுசு மாதிரி இருக்கே, இதைப் பத்திக் கூட்டத்தில பத்து நிமிஷம் பேசுங்களேன்" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போன பிறகுதான் உறுத்தியது. அந்தப் பெயிண்ட் கதையில் பாதியைத்தான் இதுவரை உங்களிடம் சொல்லியிருக்கிறேன். மீதிப் பாதியை இன்று சொல்லிவிடுகிறேன். முதலில் எல்லோருக்கும் பயன்படும் விஷயத்தைச் சொல்கிறேன்.

இன்டேக் மானிஃபோல்ட் என்றால் என்ன? பானெட்டைத் திறந்ததும் கருப்பாக, பருத்த வயிறும் அதிலிருந்து மூன்று நான்கு வளைந்த கைகளுமாக ஒரு பிளாஸ்டிக் சாமான் தெரியும். சில வண்டிகளில் அதன் மேல் இன்னொரு கவர் போட்டு மூடியிருப்பார்கள். ஏர் ஃபில்டர் வழியாக வரும் காற்று த்ராட்டில் பாடியைத் தாண்டி இந்த வயிற்றுக்குள் வந்து, அங்கிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு கை வழியாகப் பிரிந்து போகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் இன்னொன்றும் அதனிடம் இருக்கிறது. பெட்ரோல் இன்ஜின் சும்மா நின்று ஓடும்போது அந்த வயிற்றுக்குள் காற்றழுத்தம் வெளியே இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். அந்த உறிஞ்சும் சக்தியை வேறு பல வேலைகளுக்கும் கடன் வாங்கிக்கொள்கிறார்கள். அதில் முக்கியமான வேலை ஒன்றை நான் பிறகு சொல்கிறேன். மறந்துவிடாதீர்கள்.

முன்பெல்லாம் இதை அலுமினியத்தில் வார்த்தார்கள். இப்போது பெரும்பாலும் கண்ணாடி இழை கலந்த நைலான். நைலான் என்றதும் புடவையும் கயிறும் நினைவுக்கு வரும். 1935இல் அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியில் வாலஸ் கரோதர்ஸ் குழுவினர் கண்டுபிடித்த அதே நைலான்தான். 1938இல் அது முதலில் கடைக்கு வந்தது டூத் பிரஷ் மயிராக. இன்று அதே குடும்பத்துப் பொருள், முப்பது முப்பத்தைந்து சதவீதம் கண்ணாடி இழையைச் சேர்த்துக்கொண்டு, இன்ஜின் மேல் உட்கார்ந்திருக்கிறது. எடை குறைவு. உள்சுவர் வழவழப்பாக இருப்பதால் காற்று தடையில்லாமல் போகும். இன்ஜின் சூட்டை அலுமினியம் அளவுக்கு உள்ளே கடத்தாது. உருக வேண்டுமானால் 220 டிகிரி செல்சியஸ், சில வகைக்கு 260 டிகிரி வேண்டும். அதனால், பிளாஸ்டிக்கா, உருகிவிடாதா என்று பயப்பட வேண்டாம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மோல்டிங் யூனிட்டில் இருபத்திரண்டு வருடம் இருந்தேன். நைலான் மணிகளை அப்படியே மெஷினில் கொட்ட முடியாது. காற்றில் இருக்கும் ஈரத்தை அது குடித்துக்கொண்டே இருக்கும். சாதாரண நைலான் தன் எடையில் இரண்டரை சதவீதம் வரை சர்வசாதாரணமாகக் குடிக்கும். மணிக்கணக்கில் டிரையரில் போட்டு உலர்த்திய பிறகுதான் மோல்டுக்குப் போகும். இல்லாவிட்டால் சாமான் மேல் வெள்ளிக் கோடு விழும். நம் சென்னைக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்த ஈர விஷயம் பெயிண்டுக்கும் வரும்.

சரி, பெயிண்ட் அடிக்க வேண்டுமா? அடிப்பதால் மைலேஜ் கூடாது, பிக்கப் கூடாது, இன்ஜின் குளிராது. கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான். பத்து வருட வண்டியில் அந்தக் கருப்பு வெளுத்துச் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு அந்த வெளுப்பு தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும்தான். இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது, பாத்திரம் கழுவும் சோப்பைக் கொஞ்சம் தண்ணீரில் கலந்து, துணியில் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். ஹோஸ் வைத்துப் பீய்ச்சி அடிக்காதீர்கள், கனெக்டருக்குள் தண்ணீர் போனால் செலவு. காய்ந்த பிறகு பிளாஸ்டிக்குக்கென்று விற்கும் தண்ணீர் வகை டிரெஸ்ஸிங் கொஞ்சம் தடவினால் போதும். என் பக்கத்து வீட்டுக்காரருக்கு இதைச் செய்து காட்டினேன், பெயிண்ட் ஆசையையே விட்டுவிட்டார்.

பெயிண்டுக்கு முன் இன்னொன்று பார்க்க வேண்டும். விரிசல். இரண்டு பாதிகளாக மோல்டு செய்து ஒட்டவைக்கும் வகைகளில் அந்த ஒட்டு ஓரமாக, போல்ட் காதுகள் பக்கமாக, டார்ச் அடித்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் எம்-சீல் வைத்து மேலே பெயிண்ட் அடிப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. சூடும் அதிர்வும் பெட்ரோல் ஆவியும் சேர்ந்து அதைக் கழற்றிவிடும். அமெரிக்காவில் 1990களின் பிற்பகுதியில் வந்த ஃபோர்டு 4.6 லிட்டர் இன்ஜின்களில் நைலான் மானிஃபோல்டின் வழியாகவே கூலன்ட்டும் ஓடியது. அந்த இடம் விரிசல் விட்டு, வழக்கு வரை போய், பிறகு அந்தப் பகுதியை மட்டும் அலுமினியத்தில் செய்து கொடுத்தார்கள். விரிசலுக்கு மருந்து வேறு சாமான் மாற்றுவதுதான். பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: இன்ஜின் மட்டும் புதுப் பெயிண்டில் பளபளவென்று இருந்தால் சந்தோஷப்படாமல் அதன் அடியில் என்ன இருக்கிறது என்று ஒரு மெக்கானிக்கை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி என் கதை. மூன்று வருடம் ஆகிறது.

சனிக்கிழமை காலை, எனக்கு வழக்கமாக வேலை பார்க்கும் மெக்கானிக் தம்பி வந்தார். வண்டியில் வைத்தபடியே அடிக்கலாமா என்று நான் கேட்டேன். "வேணாம் சார், பெல்ட்டு, ஆல்டர்னேட்டர் எல்லாத்து மேலயும் தெறிக்கும்" என்றார். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஏர் பைப், த்ராட்டில் பாடி, சென்சார், வேக்குவம் ஹோஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஹோஸ் ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி நம்பர் எழுதினார். என் வண்டியில் இன்ஜெக்டர்கள் சிலிண்டர் ஹெட்டிலேயே இருக்கின்றன, அதனால் பெட்ரோல் லைனைத் தொட வேண்டியிருக்கவில்லை. சில வண்டிகளில் மானிஃபோல்டோடு சேர்ந்து வரும். அப்படி இருந்தால் அந்த லைனில் மூன்று நான்கு மடங்கு காற்றழுத்தத்தில் பெட்ரோல் நிற்கும். வீட்டில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம். ஹெட்டில் திறந்து கிடந்த ஓட்டைகளுக்கு அகலமான டேப் ஒட்டினார். துணியை அடைத்தால் மறந்துபோய் அது உள்ளேயே இருந்துவிடும் என்பது அவர் கணக்கு. கிளம்பும்போது ஒன்று சொன்னார்: "பெயிண்ட் நல்லா காயட்டும் சார். அவசரப்படாதீங்க. புதன்கிழமை வந்து நானே மாட்டித் தர்றேன்."

கழுவுகிற வேலை நன்றாகவே நடந்தது. சோப்புத் தண்ணீர், பழைய டூத் பிரஷ். பிறகு சமையலறையிலிருந்து ஒரு பச்சை ஸ்க்ரப்பர், அதைப் பற்றி வீட்டில் இன்னும் பேச்சு வருகிறது. பளபளப்பு போகத் தேய்த்த பிறகு, 400 நம்பர் வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். காயவைத்துத் தேய்க்கக் கூடாது. உள்ளே இருப்பது கண்ணாடி இழை. தூள் பறந்தால் கை முழுக்க நமைச்சல், மூக்குக்குள் போனால் இன்னும் மோசம். மாஸ்க், கையுறை கட்டாயம். அந்தத் தூள் குழாய்க்குள் தங்கினால் நேராக இன்ஜினுக்குள் போகும். ஆகவே வாய்களை எல்லாம் மூடிவிட்டுத் தேய்ப்பதும், பிறகு உள்ளும் புறமும் அலசுவதும் முக்கியம். கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஒரு துடைப்பு. அதன் பிறகு வெறும் கையால் தொடக் கூடாது. கை எண்ணெய் பட்ட இடத்தில் பெயிண்ட் நிற்காது. டாய்லெட் கழுவும் ஆசிட்டைக் கொஞ்சம் விட்டால் நன்றாக வெளுக்குமே என்று யாராவது யோசிக்கலாம். கூடவே கூடாது, வீரியமான ஆசிட் நைலானையே தின்றுவிடும்.

கழுவிய பிறகு நன்றாக உலர வேண்டும். நான் மதியம் வெயிலில் இரண்டு மணி நேரம் வைத்தேன். ஒரு முழு நாள் வைத்திருக்க வேண்டும். மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் இடுக்குகளில் தண்ணீர் நிற்கும், நைலானும் கொஞ்சம் குடித்திருக்கும். பின்னால் பெயிண்ட் அடியில் சின்னச் சின்னக் குமிழாக அது வெளியே வந்தது. இப்போதும் அடிப்பக்கம் பார்த்தால் தெரியும்.

அன்று சாயங்காலம் பிரைமர். எங்கே அடித்தேன்? நம் ஸ்டில்ட் பார்க்கிங்கில், என் வண்டிக்குப் பக்கத்திலேயே, நியூஸ் பேப்பர் விரித்து. மேலே கூரை, தூசி வராது, காற்று அடிக்காது என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். காற்று அடிக்காத இடத்தில் வாடை எங்கே போகும்? தரைத்தளத்து வீட்டு ஜன்னல் வழியாகப் போனது. அந்த வீட்டுப் பாட்டிக்கு ஆஸ்துமா. அன்று இரவு அவர்களுக்கு இரண்டு தடவை இன்ஹேலர் வைக்க வேண்டியிருந்தது. ஒன்பதரை மணிக்கு அவர்கள் மகள் மேலே வந்து, சத்தம் போடாமல், "அங்கிள், அம்மாவுக்கு மூச்சு விட முடியலை, இனிமே அங்கே அடிக்காதீங்க" என்றார். சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். நோட்டீஸ் போர்டில் 'பார்க்கிங்கில் பெயிண்ட் வேலை கூடாது' என்று இருக்கிறதே, அது என்னால் வந்த விதி. யாரால் என்று தெரியாமல் பலர் திட்டியிருக்கிறீர்கள், அதையும் வாங்கிக்கொள்கிறேன். வாடை மட்டுமில்லை. ஸ்பிரே கேனிலிருந்து பெயிண்டைத் தள்ளுவது பெரும்பாலும் எரியும் வாயு. சுற்றிலும் பெட்ரோல் நிரம்பிய ஸ்கூட்டர்கள், இந்தப் பக்கம் மின்சாரப் பேனல். அன்று எதுவும் நடக்கவில்லை என்பதால் அது சரியாகிவிடாது.

ஞாயிறு காலை மொட்டை மாடிக்குப் போனேன். அங்கே கொடியில் இருந்த ஒரு வேஷ்டியைப் பற்றி அதன் சொந்தக்காரருக்கும் எனக்கும் கணக்கு முடிந்துவிட்டது.

கலர் அடிப்பதில் பெரிய ரகசியம் இல்லை. இன்ஜின் எனாமல் என்று கேட்டு வாங்குங்கள். சைலன்ஸருக்கு விற்கும் அதிசூட்டுப் பெயிண்ட் வேண்டாம். அதில் பல வகைகள் சுட்டால்தான் இறுகும், நைலானை அந்தச் சூட்டில் வைக்க முடியாது. ஹார்டனர் கலந்து அடிக்கும் இரண்டு பாக வகைகளும் நமக்கு வேண்டாம். அதில் ஐசோசயனேட் இருக்கிறது, வெளிக்காற்றுக் குழாய் வைத்த முகமூடி போட்டு ஒர்க்ஷாப்பில் அடிக்க வேண்டியது. ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மெல்லியதாக மூன்று கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவே பத்து நிமிடம். மழை மூட்டமான நாளில் அடித்தால் பெயிண்ட் பால் மாதிரி வெளுத்துவிடும். அடுத்த கோட் எத்தனை மணி நேரத்துக்குள் என்று கேன் மேல் எழுதியிருக்கும், அதை மீறினால் சுருங்கிக்கொள்ளும். நான் மேட் கருப்பு அடித்தேன். சிவப்பு அடிக்கலாமே என்று என் மகன் சொன்னான். அந்த வண்டிக்கும் எனக்கும் வயது ஒத்துவராது.

இப்போது முக்கியமான இடம். டேப் ஒட்டி மறைக்க வேண்டிய இடங்கள். கேஸ்கெட் உட்காரும் பள்ளம், த்ராட்டில் பாடி சேரும் முகம், சென்சார் ஓட்டை, அதில் ஓ ரிங் உட்காரும் வளையம், போல்ட் போகும் பித்தளை புஷ்கள். இதையெல்லாம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பிளேடால் வெட்டி வெட்டி அழகாக ஒட்டினேன். ஹோஸ் மாட்டும் மூக்குகள் மூன்று இருந்தன. இரண்டுக்கு ஒட்டினேன். மூன்றாவது பெரியது, பின்பக்கம் திரும்பி இருந்தது. டேப் தீர்ந்துவிட்டது. ரப்பர் ஹோஸ்தானே, அதன் மேல் பெயிண்ட் பட்டால் என்ன என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை விடியற்காலை மாமியாரை எழும்பூரில் ரயிலேற்ற வேண்டும். கால் டாக்சி எதற்கு, இவ்வளவு செய்தாயிற்று, மாட்டுவது என்ன பிரமாதம் என்று ஞாயிறு சாயங்காலமே நானே மாட்டினேன். விரல் வைத்தால் ஒட்டவில்லை, ஆகவே காய்ந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். தொட்டால் ஒட்டாமல் இருப்பது வேறு, உள்ளே இறுகுவது வேறு. இறுகுவதற்கு ஒரு வாரம்கூட ஆகும். அந்தப் பெரிய ஹோஸைத் தள்ளினேன். பாதியில் நின்றது. மூக்கின் நுனியில் ஒரு புடைப்பு இருக்கும். ஹோஸ் அதைத் தாண்டிப் போய், அதற்குப் பின்னால் கிளிப் பிடிக்க வேண்டும். பச்சைப் பெயிண்டில் ரப்பர் ஒட்டிக்கொண்டு நகரவில்லை. போதும் என்று அங்கேயே கிளிப்பைப் போட்டேன்.

ஸ்டார்ட் செய்தேன். உடனே பிடித்தது. ஆனால் ஐடிலிங் கொஞ்சம் அதிகம், எங்கேயோ 'உஸ்' என்று ஒரு சத்தம். பேட்டரி கழற்றி மாட்டினால் முதலில் அப்படித்தான் இருக்கும், தானே சரியாகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு கியர் போட்டேன்.

என் இடம் உங்களுக்குத் தெரியும், வண்டியின் முகம் வெளியே பார்த்து நிற்கும். ரிவர்ஸ் எடுக்கத் தேவையில்லை, ஆகவே பிரேக்கை ஒரு தடவைகூடத் தொடாமலே சரிவுக்கு வந்துவிட்டேன். ஸ்டில்ட்டிலிருந்து டிரைவ்வேக்கு இறங்கும் அந்தச் சின்னச் சரிவு. பிரேக் மேல் கால் வைத்தேன். கல்லை மிதித்த மாதிரி இருந்தது. ஐடிலிங் வேறு அதிகமாக இருந்ததால் வண்டி தானாகவே முன்னே தள்ளுகிறது. அந்த நேரத்தில் ஜெனரேட்டர் ரூம் மூலையைத் திரும்பி ஒரு குழந்தை சைக்கிளில் வந்தது.

இரண்டு காலையும் வைத்து மிதித்தேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். இன்ஜின் குலுங்கி அணைந்தது. வண்டி நின்றபோது சைக்கிளுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு கை நீளம் இருந்தது. குழந்தை திரும்பிக்கூடப் பார்க்காமல் மணி அடித்துக்கொண்டே போய்விட்டது. கேட்டில் இருந்த செக்யூரிட்டி அண்ணன் எழுந்து வந்தார். வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பார்த்து சார்" என்றார். அதற்கு மேல் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, என் வீட்டில்கூட.

முதலில் மறந்துவிடாதீர்கள் என்று சொன்ன வேலை இதுதான். பெட்ரோல் கார் பிரேக்கில் நம் கால் பலம் மட்டும் இல்லை. மானிஃபோல்டின் உறிஞ்சும் சக்தியை ஒரு ஹோஸ் வழியாக எடுத்து, பிரேக் பூஸ்டர் என்ற வட்டமான டப்பா நம் மிதியைப் பல மடங்காக்குகிறது. அந்த ஹோஸைத்தான் நான் பாதியில் விட்டது. அந்த 'உஸ்' சத்தம் அங்கே காற்று உள்ளே போன சத்தம். ஐடிலிங் ஏறியதும் அதே காற்றால்தான். இரண்டு தடவை வண்டி என்னிடம் சொல்லிவிட்டது. டீசல் வண்டிகளில் இதற்குத் தனி வேக்குவம் பம்ப் இருக்கும், அவர்களுக்கு இந்தக் கதை இப்படி நடக்காது.

உங்கள் வண்டியில் யார் எந்த வேலை பார்த்துக் கொடுத்தாலும், சாவி கைக்கு வந்ததும் இதை ஒரு தடவை செய்யுங்கள். இன்ஜின் அணைந்திருக்கும்போது பிரேக்கை நான்கைந்து தடவை மிதியுங்கள். பெடல் கெட்டியாகும். அதை மிதித்துப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலுக்கடியில் கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் வண்டியை நகர்த்தாதீர்கள். அரை நிமிட வேலை.

திங்கட்கிழமை மாமியார் ஆட்டோவில் எழும்பூர் போனார்கள். புதன்கிழமை மெக்கானிக் தம்பி வந்து ஹோஸைப் பிடுங்கியபோது என் பெயிண்ட் அதோடு தோலாக உரிந்து வந்தது. மூக்கைச் சுரண்டிச் சுத்தம் செய்து, புது ஹோஸ், புதுக் கிளிப், கேஸ்கெட்டும் புதிது போட்டு, போல்ட்களை நடுவிலிருந்து வெளியே என்ற வரிசையில் டார்க் ஸ்பேனரால் முறுக்கினார். என்னைத் திட்டவில்லை. கூலி மட்டும் இரண்டு மடங்கு கேட்டார், கொடுத்தேன்.

அந்தக் குழந்தை இப்போது நான்காம் வகுப்பு படிக்கிறது. அதன் அப்பாவும் அம்மாவும் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நேற்று மாலை அவர்கள் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னேன். கூட்டத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று தோன்றியது. கொஞ்ச நேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு அந்தத் தம்பி, "சரிவுல வர்றப்போ நாங்களும் சைக்கிளைப் பார்க்கச் சொல்றோம் சார், ஆனா நீங்க சொல்ல மூணு வருஷம் ஆச்சே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சங்கத்திடம் இரண்டு கோரிக்கை. ஜெனரேட்டர் ரூம் மூலையில் ஒரு குவி கண்ணாடி வைக்க வேண்டும், செலவில் என் பங்காக முழுவதும் நானே தருகிறேன். இரண்டாவது, காலி ஸ்பிரே கேன்களை யாரும் சாதாரணக் குப்பையில் போட வேண்டாம். பெயிண்ட் டப்பாக்களை வீட்டு அபாயக் கழிவு என்றுதான் 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளிலேயே பிரித்திருந்தார்கள். பழைய பேட்டரி, டியூப் லைட்டுக்கு நாம் வைத்திருக்கும் பெட்டியிலேயே இதையும் போட்டால் போதும், ஓட்டை போடாமல்.

டார்க் ஸ்பேனர் இப்போது என்னிடமே ஒன்று இருக்கிறது, வேண்டியவர்கள் வாங்கிப் போகலாம். மேட் கருப்பும் அரை கேன் மீதம் இருக்கிறது. கொடியில் துணி இல்லாத நாளாகச் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.